விண்கப்பலில் எல்லைப் பிரச்சினை இல்லை

1

இன்னும் சில நூறு ஆண்டுகளில் மனிதர்களுக்கிடையே சண்டை இருக்காது. பசி இருக்காது. காசும் இருக்காது. ஊரிலுள்ளவர்கள் இதை அறிந்து தங்கள் அலுவல்களை அதற்கேற்ப ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும் என்பதற்காக இக்குறிப்பை எழுதுகிறேன். தகவலைச் சொன்னது எந்த அமைச்சரும் அல்ல. இங்கிலாந்தில், லூட்டன் நகரில், என் மகளின் வீட்டு முன்னறையில், சனிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு விண்கப்பல் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போகிறது.

பழைய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று. பல உலகத்தவர் ஒரே கப்பலில் ஏறி, வேறு வேலை இல்லாதவர்கள் போல, விண்வெளியில் நன்மை செய்துகொண்டு திரிகிறார்கள். கப்பலின் தலைவி நரைத்த தலையுடைய ஒரு பெண். வைத்தியருக்கு நீலக் கைகள். இயந்திரப் பொறுப்பாளருக்கு உடம்பெல்லாம் மயிர். யாரும் யாரையும் 'நீ எந்த ஊர், யாருடைய மகன்' என்று கேட்பதில்லை. சுவரிலுள்ள ஒரு பொந்தின் முன்னால் நின்று வேண்டிய உணவைச் சொன்னால் தட்டோடு வருகிறது. சீருடையில் சட்டைப்பை கிடையாது. காசில்லாத உலகத்தில் பை எதற்கு? மனிதகுலம் அடையப்போகும் ஆகப்பெரிய முன்னேற்றம் பையில்லாத சட்டை என்று அதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

நான் பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். மற்றவர்கள் அந்தக் கப்பலில் நட்சத்திரங்களைப் பார்க்கும்போது நான் அலுவலகத்தைத் தேடுகிறேன். லீவு விண்ணப்பம் இல்லை. இடமாற்றத்தை நிறுத்தச் சொல்லி எம்பியின் கடிதத்தோடு வருபவர் இல்லை. சேவை மூப்பைப் பார்க்காமல் பதவி உயர்வு கொடுக்கிறார்கள். அதை எதிர்த்து ஒருவரும் மேன்முறையீடு செய்வதில்லை. இவர்கள் வேற்றுலகத்தவர்தான் என்று நான் நம்பியது அந்த இடத்தில். நீலக் கையைக் கண்டு அல்ல.

2

இங்கு வந்து ஐந்து வருடம் நிறைந்த அன்று மகள் ஷிபானா ஒரு கேக் வாங்கி வந்தாள். எதற்குக் கேக் என்று கேட்டேன். "நீங்க இன்னும் இரிக்கிறதுக்கு" என்றாள். நல்ல காரணம்தான்.

இந்த ஐந்து வருடத்தில் நான் கற்றுக்கொண்டவை சில உண்டு. குப்பைக்கு மூன்று நிறத்தில் தொட்டிகள். எது எதில் என்று தெரியாதவன் இந்த நாட்டில் மனிதனாகக் கணக்கெடுக்கப்படுவதில்லை. வைத்தியரைப் பார்க்க வேண்டுமானால் தொலைபேசியில் நீண்ட இசையைக் கேட்க வேண்டும். இசை முடியும்போது பெரும்பாலும் நோயும் குணமாகிவிடும். மறுப்புக் கடிதங்கள் மிக அழகானவை. முதல் வரியில் மன்னிப்பு, கடைசி வரியிலும் மன்னிப்பு, நடுவில் 'இல்லை'. நாங்கள் எங்கள் கந்தோரில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. "நாளைக்கு வாங்க" என்றுதான் சொன்னோம். யோசித்துப் பார்த்தால் கல்முனைக் கரையோரத்துக்கு இத்தனை காலமும் எதிர்காலத்தில் நம்பிக்கை ஊட்டியவர்கள் நாங்கள்தான். அதற்காக யாரும் எங்களை வைத்துத் தொடர் எடுக்கவில்லை.

பேத்தி ஹனா இங்கேயே பிறந்தவள். தமிழ் கதைப்பாள், ஆனால் கோபம் வந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் முழுவதும் மறந்துவிடும். ஆகையால் எங்களுக்குள் ஒழுங்கான சண்டை ஒன்றுகூட இதுவரை நடந்ததில்லை. இந்தத் தொடரை எனக்குக் காட்டியவள் அவள்தான். "மூத்தாப்பா, இதப் பாருங்க, உங்கட மூட் கொஞ்சம் நல்லா வரும்" என்றாள். என் மூடைத் திருத்துவதற்கு ஒரு விண்கப்பல் தேவைப்படும் என்று அவள் மதிப்பிட்டிருக்கிறாள்.

சனிக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து பார்ப்பவர் மாஸ்டர். போஸ்ட்மாஸ்டர் தங்கராசா. பெரியநீலாவணைக்காரர், தகப்பன் கடலுக்குப் போனவர். கல்முனையில் நாங்கள் இருவரும் அரச சேவையில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். சாய்ந்தமருதில் என் வீட்டுக் கல்யாணம், கத்னா, பெருநாள், எதற்கும் அவர் வராமல் இருந்ததில்லை. தமிழ்-முஸ்லிம் வன்செயல் காலத்தில் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போக முடியாமல் கிடந்தபோதும், தபால்பையோடு அவருடைய நலமும் எனக்கு வந்துசேரும். பிறகு அவர் மகனோடு லண்டன் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் லூட்டன் பஸ்ஸில் பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் தொலைபேசியில் "ஓம் ஓம், வந்திட்டன், பொறகு கதைக்கிறன்" என்றது. அந்த 'ஓம்' எந்தத் தபாலகத்திலிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லியிருப்பேன்.

அவருடைய கண்ணில் கோளாறு. பார்வை ஓரங்களிலிருந்து இருண்டு நடுவை நோக்கி வருகிறது. "குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரி ஏஓ" என்பார். என் பதவிப்பெயரின் ஆங்கிலச் சுருக்கம்தான் அவர் எனக்கு வைத்த பெயர். திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை அவரால் தேடிப் பிடிக்க முடியாது. அவருடைய ஆங்கிலமோ தபால்துறை ஆங்கிலம். பதிவுத் தபாலுக்குப் போதும், விண்வெளிக்குப் போதாது. ஆகவே நான் பக்கத்திலிருந்து மொழிபெயர்ப்பேன். கப்பலில் இதற்குக் காதில் மாட்டும் ஒரு சிறு கருவி வைத்திருக்கிறார்கள். அந்தக் கருவி சொன்னதை அப்படியே சொல்லும். நான் என் அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொல்வேன்.

"தலைவி என்ன சொல்றா?"

"எல்லா உலகமும் ஒண்டாகிட்டாம். இவ இன்னும் நம்மட பிரதேச சபைக் கூட்டம் பாக்கல்ல."

மாஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். சிரித்து முடித்து, மெதுவாக, "ஆனா நடக்கும் ஏஓ" என்பார்.

"எப்ப?"

"நாம இரிக்கமாட்டம்."

"அப்ப எனக்கு ஆட்சேபனை இல்ல."

3

சண்டை ஒரு சந்திரனால் வந்தது.

இரண்டு உலகங்களுக்கு நடுவில் ஒரு சின்னச் சந்திரன். அது தங்களுடையது என்று இரண்டு பக்கமும் சொல்கிறது. கப்பல் தலைவி இருவரையும் ஒரு மேசையில் இருத்தி, படம் முடிவதற்குள் ஒப்பந்தம் எழுதுவித்துவிட்டாள். குழு இல்லை, உபகுழு இல்லை, இடைக்கால அறிக்கை இல்லை. நான் வழக்கம்போல் நக்கலடித்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "அந்தச் சந்திரன் பச்சைத் தலையாக்களுக்குத்தான் சேரோணும்" என்றார். "அவங்கதானே அதில காலங்காலமா இரிக்காங்க."

"இருந்தாப் போதுமா மாஸ்டர்? கந்தோர்க் கோவையில ஆர்ர பேர் இரிக்கி எண்டு பாக்கிறல்லயா?"

"கோவைய எழுதினது ஆரு? நீங்கதானே."

அந்த நிமிடமே நாங்கள் விண்வெளியை விட்டு இறங்கிவிட்டோம். எங்கள் கரையோரத்தில் எல்லைப் பிரச்சினை என்று எப்போதும் ஒன்று இருக்கும். ஒன்று முடிந்தால் அடுத்தது தயாராக நிற்கும். அன்றைய தேதியில் அது ஒரு வீதி. எந்த வீதி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதை வாசிக்கும் நீங்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்து எனக்குப் பதில் எழுதத் தொடங்குவீர்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அந்த வீதியில் இனி ஒரு நாளும் நடக்கப்போகாத இரண்டு கிழவர்கள், அதன் எந்தப் பக்கம் யாருக்கு என்று தொண்டை கிழியக் கத்தினோம் என்பது மட்டும் போதும். நான் சுற்றறிக்கை சொன்னேன். அவர் சரித்திரம் சொன்னார். நான் அரச வர்த்தமானி சொன்னேன். அவர் என் குரலையே சொன்னார்: "இப்பிடித்தான் அண்டைக்கும் மேசைக்கு அங்கால இருந்து கத்தின நீங்க."

ஹனா தொலைக்காட்சியை நிறுத்தினாள். அந்த மௌனத்தில்தான் மாஸ்டர் மெல்லிய குரலில் அதைச் சொன்னார்.

"உங்கட கப்பல்ல எல்லாரும் ஒரு மேசையில. உங்கட வீட்ட எனக்கு மட்டும் எந்த நாளும் புறம்பா ஒரு பிளேட்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் விருந்துகளில் சாப்பாடு சஹனில் வரும். வண்டிச் சில்லு மாதிரி ஒரு பெரிய வட்டத் தட்டு. அதில் நெய்ச்சோறு, நடுவில் இறைச்சி. பாயில் ஐந்தாறு பேர் அதைச் சுற்றி இருந்து ஒரே சஹனில் சாப்பிடுவார்கள். மாஸ்டர் வந்தால் நாங்கள் அவரைப் பாயில் இருத்துவதில்லை. அறைக்குள் கதிரை, மேசை, வெள்ளை விரிப்பு, பீங்கான் தட்டு, அவருக்கென்று தனியாகக் கோழி. அவர் மாடு சாப்பிடாதவர். சஹனில் மாடு இருக்கும். அவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று என் உம்மா காலத்திலிருந்து செய்துவந்த ஏற்பாடு. மாவட்டக் கச்சேரியிலிருந்து பெரிய அதிகாரி வந்தாலும் அதே மேசைதான்.

"மாஸ்டர், அது மரியாதைக்கு!"

"மரியாதை எண்டு எனக்கும் தெரியும். அதாலதான் இவ்வளவு காலமும் வாயத் திறக்காமத் திண்டன்" என்றார். "வெளியில எல்லாரும் சிரிச்சுக் கதைச்சுச் சாப்பிடுற சத்தம் கேக்கும். நான் உள்ளுக்குள்ள பெரிய மனிசனா இரிப்பன். வாறன் ஏஓ."

கோட்டின் கையைத் தேடித் தடவி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

4

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நான் தனியே உட்கார்ந்து பார்த்தேன். கப்பல் வழக்கம்போல் நன்மை செய்தது. நக்கலடிக்க நல்ல இடங்கள் பல வந்தன. யாருக்குச் சொல்வது? மருமகன் இரவு வேலை முடிந்து தூங்குகிறார். ஹனா சிரிப்பாள், ஆனால் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று நான் விளக்கிய பிறகு. உபகுழுவை விளக்கி முடிப்பதற்குள் தலைவி ஒரு கிரகத்தையே காப்பாற்றிவிடுகிறாள்.

நான் போன் எடுக்கவில்லை. முறைப்படி பார்த்தால் வெளிநடப்புச் செய்தவர்தான் முதலில் தொடர்புகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட நியாயங்களுக்கு என்னிடம் ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை.

பேசியது ஹனாதான். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் மாஸ்டரின் மகனைக் கண்டிருக்கிறாள்.

"மூத்தாப்பா, மாஸ்டர் அங்கிள்ர வலது கண்ணும் போகுதாம். டொக்டர் சொல்லிட்டாராம். விண்டர் முடியிறதுக்குள்ள, மேபி, படம் ஒண்டும் தெரியாம வரும்."

மாஸ்டர் வழக்கமாக இருக்கும் கதிரையைப் பார்த்தேன்.

"சீரிஸ் முடிய இன்னும் கொஞ்சம்தான் இரிக்கி. அவருக்கு லாஸ்ட் எபிசோட் பாக்கணுமாம். மகன் போட்டுக் காட்டினாராம். வேணாம் எண்டாராம்."

"ஏனாம்?"

"ஏஓ இல்லாம இவங்க என்ன சொல்றாங்க எண்டே விளங்கல்லயாம்."

அவள் யூனிவர்சிற்றிக்குப் போக இருந்தாள். போகுமுன் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு கொடுக்க ஷிபானா நினைத்திருந்தாள். அதற்காக ஊரிலிருந்து ஒரு சஹன் வந்திறங்கியிருந்தது. விமான நிலையத்தில் அதை உறையிலிருந்து எடுத்து, தொலைக்காட்சிக்கு அலைவரிசை பிடிக்கும் தட்டா என்று கேட்டார்களாம்.

"மாஸ்டர அதுக்குச் சொல்லலாம்" என்றேன். "ஆனா மாடு இரிக்கிமே. அவருக்குப் புறம்பா..."

குசினியிலிருந்து ஷிபானா எட்டிப் பார்த்தாள். "வாப்பா, மாடு போடாட்டி என்ன? ஆடு ஆக்கிறன். எல்லாருக்கும் ஆடு."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அரச உத்தியோகத்தர்கள், எத்தனையோ பெருநாள், எத்தனையோ கல்யாணம். அவர் சங்கடப்படுவார் என்று நான் தனித்தட்டு வைத்தேன். நான் சங்கடப்படுவேன் என்று அவர் அதில் சாப்பிட்டார். சஹனிலிருந்து மாட்டை நீக்கலாம் என்ற பிரேரணையை இருவரில் ஒருவரும் கொண்டுவரவில்லை.

5

எங்கள் பக்கத்தில் போனில் சொல்லும் அழைப்பு அழைப்பல்ல. வீட்டுக்குப் போய், வாயால் சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் பூப்படத்தோடு வரும் அழைப்புக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் போகலாம். மாஸ்டர் போகமாட்டார், நானும் போகமாட்டேன். ஆகவே மழையில் பஸ் ஏறினேன்.

கதவை அவரே திறந்தார். தலையைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் திருப்பி, குழாயின் வெளிச்சத்துக்குள் என்னைப் பிடிக்கப் பார்த்தார்.

"ஆரு?"

"ஏஓ."

"என்ன அலுவல்?"

"ஹனா படிக்கப் போறா. வாற சனிக்கிழமை சாப்பாடு. சொல்ல வந்த."

"நல்லது. புள்ளைக்கு என்ட ஆசீர்வாதம் சொல்லுங்க." கதவில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

"சஹன் சாப்பாடு மாஸ்டர்."

"ஓ. அப்ப எனக்குக் கதிரை மேசையா?"

"கதிரை மேசை எல்லாம் கராஜுக்குள்ள ஏத்தியாச்சு. வேணுமெண்டா கராஜுக்குள்ள போய் தனியா இருந்து சாப்பிடலாம். குளிரும்."

அவர் வாயின் ஒரு ஓரம் அசைந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "மாடு?"

"இந்த ஊட்ட அண்டைக்கு மாடு இல்ல. ஆருக்கும் இல்ல. மருமகன் இப்பவே துக்கத்தில இரிக்கார்."

"நிலத்தில இருந்தா எனக்கு எழும்ப ஏலாது ஏஓ. முழங்கால் பூட்டிக்கொள்ளும்."

"எனக்கு மட்டும் ஏலுமா? ரெண்டு பேரும் அதிலேயே கிடப்பம். இவங்க எப்பிடியும் தூக்கத்தானே வேணும்."

மாஸ்டர் சிரித்தார். உள்ளே வரச் சொன்னார். தேத்தண்ணி போட்டார், சீனிப் போத்தலைத் தடவித் தேடினார். நான் எழுந்து எடுத்துக் கொடுக்க நினைத்தேன், இருந்துகொண்டேன். அவருடைய வீடு. அவர் கண்டுபிடித்தார். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, "ஆனா அந்த வீதி எங்களுக்குத்தான்" என்றார்.

"தேத்தண்ணி நல்லாரிக்கி மாஸ்டர்" என்றேன்.

6

கடைசிப் பாகத்தைச் சாப்பாட்டுக்கு முன் போட்டார்கள். மாஸ்டர் திரைக்கு மிக நெருக்கமாக இருந்தார். நான் அவர் காதுக்கு மிக நெருக்கமாக. கப்பல் திரும்பி வருகிறது. அதன் மனிதர்கள் தங்கள் தங்கள் உலகங்களுக்குப் பிரிந்து போகிறார்கள். தலைவி பேசினாள். அன்று நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்: நாங்கள் நல்லவர்களாக இருந்ததால் ஒன்றாக இருக்கவில்லை, ஒன்றாக இருந்ததால் கொஞ்சம் நல்லவர்களானோம் என்றாள்.

மாஸ்டர் திரும்பினார். "என்ன ஏஓ, இண்டைக்கு நக்கல் ஒண்டும் இல்லயா? படம் சப்பெண்டு இரிக்கு."

"இவங்கட ஓய்வூதியம் ஆர் குடுக்கிற எண்டு ஒருத்தரும் சொல்லல்ல மாஸ்டர்."

"ஆங்" என்றார் திருப்தியாக. நட்சத்திரங்களுக்குள் கப்பல் சிறுத்து மறையும்வரை கண் இமைக்காமல் பார்த்தார். திரை கறுத்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்துவிட்டது என்பதை நான் உடனே மொழிபெயர்க்கவில்லை.

பிறகு பாய் விரித்தார்கள். நாங்கள் இருவரும் நிலத்தில் இறங்கிய காட்சியைப் பற்றி எழுதுவதற்கில்லை. மருமகனும் மாஸ்டரின் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள் என்பது போதும். ஷிபானா சஹனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஆவி பறந்தது.

சஹனுக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதப்படாதது. ஒவ்வொருவரும் தன் முன்னால் உள்ளதைத்தான் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. கோடு கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். என் முன்னால் ஒரு நல்ல துண்டு விழுந்திருந்தது. எலும்போடு, கொழுப்போடு, நெய்யில் மின்னிக்கொண்டு. அதைக் கடைசிக்கு என்று நான் வைத்திருந்தேன்.

மாஸ்டர் முதலில் கூச்சத்தோடு சாப்பிட்டார். பிறகு கூச்சம் போயிற்று. ஓரங்கள் இல்லாத அந்தக் கண்ணால் சஹனின் நடுவை மட்டும் பார்த்தபடி சோற்றைத் துழாவிக்கொண்டு அவருடைய கை மெல்ல வந்தது; தன் பக்கத்தைக் கடந்தது; என் பக்கத்துக்குள் நுழைந்தது; அந்தத் துண்டை எடுத்தது.

ஹனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள்.

"ஏஓ," என்றார் மாஸ்டர், வாய் நிறைய, "எனக்கு நல்ல துண்டொண்டு அம்பிட்டிரிக்கு. உங்கட பக்கமும் இப்பிடி இரிக்கா?"

"இரிக்கி மாஸ்டர்" என்று சொல்லி, வெறும் சோற்றைப் பிசைந்தேன்.